நான்காம் பகுதி, பன்னிரண்டாம் நிமிடம்

ஸ்ரான்லி வீதியில் பெயின்ற் கடைக்கு மேலே
முட்டைத் தட்டு ஒட்டின அறை.
கேபிள்காரர் மலிவாய் வாங்கிப்போட்டினம்:
விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் வரலாறு.
ஆறு பகுதி. பகுதிக்கு நாற்பத்தெட்டு நிமிடம்.
தமிழாக்கம் நான், நிமிடத்துக்கு நூற்றியிருபது ரூபா.
குரல் குருநகர் யூட்.
பொத்தான் அமத்திறது டிலக்சன்,
இருபத்திரண்டு வயது, எல்லாத்துக்கும் "சரி அக்கா".

ஒரு கண்ணாடிக்காரர் ஆறு பகுதியிலும் வாறார்,
புத்தக அலுமாரிக்கு முன்னால்.
நூற்றாண்டு மாறுது, சேட்டு மாறேல்லை.
ஒரே பின்னேரத்தில் எல்லாத்தையும் சொல்லிமுடிச்சிட்டார் போல:
சந்திரனுக்குப் போனது, செவ்வாயிலிருந்து வந்தது,
இயந்திரங்கள் எசமானைக் கேள்வி கேட்டது.
நடுவில் ஒரு தேத்தண்ணி குடிச்சிருப்பார்;
மூன்றாம் பகுதியில் மீசையில் ஈரம்.

எதிர்காலம் எதிர்காலம் எண்டு
மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லுறார்.
அவையின்ர சொல்லில் அது முன்னால் எங்கேயோ நிக்குது,
நடந்துபோய்த் தொடலாம்.
எங்கட சொல்லில் எதிரே வருகுது,
ஒழுங்கையில் லைற் இல்லாத சைக்கிள் மாதிரி.
பெல் கேட்டால் வேலியோட ஒதுங்கவேணும்.
இதை எப்பிடி மொழிபெயர்க்கிறது?
எதிர்காலம் எண்டே எழுதினன்.

நான்காம் பகுதி: உலகம் அழிஞ்ச பிறகு.
பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒரு பழைய படத்துண்டு.
கந்தல் உடுப்போட ஒருத்தன்
தலைகீழாய் நிறுத்தின சைக்கிளின் பெடலைக்
கையால் சுத்துறான்.
றேடியோ முனகுது.
கண்ணாடிக்காரர் கண் விரிய:
என்ன துணிச்சலான கற்பனை!

யூட் ஹெட்போனைக் கழட்டி மேசையில் வைச்சார்.
"தொண்ணூற்றிரண்டில் நானும் தம்பியும்
முறை வைச்சுச் சுத்தினனாங்கள்.
கை தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவர் செத்துப்போவார்.
திரும்பச் சுத்த, வசனத்தின்ர நடுவில உயிர்த்தெழுவார்.
ஆர் எந்த ஊரைப் பிடிச்சதெண்டு
கடைசிவரைக்கும் தெரியாது."
நானும் சொன்னன்:
ஒரு சொட்டுப் பெற்றோல் ஊதி மண்ணெண்ணெயில் ஓடின கார்,
பனம்பழத்தில் தோய்ச்சுக் கொடியில் போட்ட
என்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை,
அதை மாடு சப்பினது.
டிலக்சன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான்,
எங்களுக்குக் கீழே எழுத்து ஓடுதோ எண்டு தேடுறவன் மாதிரி.

"துணிச்சலான கற்பனை."
முதல் தரம் யூட் சிரிச்சுப்போட்டார்.
இரண்டாம் தரம் கற்பனை வரமுதலே சிரிச்சார்.
மூன்றாம் தரம் நான்.
ஐந்தாவதை வைச்சிருக்கிறம். கவனமாய்க் கேட்டால்
'னை'யின்ர வாலில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

ஐந்தாம் பகுதியில் ஆளில்லாமல் பறக்கிற கண்.
நான் வண்டு எண்டு எழுதினன்.
அலுவலகத்திலிருந்து போன்: வண்டு பூச்சியெல்லோ, மாத்துங்கோ.
மாத்தினன்.
"ஏன் அக்கா வண்டு?" டிலக்சன் கேட்டான்.
நான் வாய் திறக்க முதல் யூட்
பல்லைக் கடிச்சுக்கொண்டு சத்தம் போட்டார்,
மெல்லிசாய், ஏற்ற இறக்கம் இல்லாமல்,
மூச்சு முடியுமட்டும்.
பிறகு இன்னொரு மூச்சு.
எங்கே வைச்சு அதைக் கேட்டவர் எண்டு நான் கேட்கேல்லை.
மைக் திறந்திருந்தது.
படத்திலிருந்த சத்தத்தைவிட இது நல்லாயிருக்கெண்டு
டிலக்சன் இதைத்தான் போட்டவன்.

வெள்ளி இரவு பத்தரைக்குப் போச்சுது, சீரியல் முடிய.
ஒரேயொரு கோல், அரியாலையிலிருந்து, ஒரு பொம்பிளைக் குரல்:
"சத்தம் ரிவிக்குள்ளையோ வெளியாலையோ?
எங்கட இவர் முற்றத்தில் நிண்டு
மேல பார்த்துக்கொண்டு நிக்கிறார்,
உள்ள வரமாட்டன் எண்டுறார்."
ரிவிக்குள்ளை எண்டான் டிலக்சன்.
அவவும் நன்றி சொல்லி வைச்சிட்டா.

ஆறாம் பகுதி ஒரு கேள்வியோட முடியுது:
இனி என்ன?
யூட் அதை ஒரே தரத்தில் வாசிச்சு முடிச்சார்.
செக் அடுத்த மாதமாம்.